வடசென்னைக்குப் புதிதாக வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு: ஆபத்து நேர உதவியும் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புழல் காவாங்கரை, கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாம்களில் உறவினரோடு வந்து தங்கியிருப்பவர்களும், செங்குன்றம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வாடகை அறை எடுத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பல நேரங்களில் விபத்தைவிட, உதவி கேட்கத் தயங்கி வீணாகும் நேரம்தான் ஆளைக் கொல்கிறது. "கார்ட் இல்லாமல் எப்பிடி அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போறது?" என்று கேட்டுவிட்டு, நெஞ்சுவலியோடு விடியும்வரை காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவசரம் என்றால் முதலில் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்?

112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண் போதும். இலங்கையில் போலீசுக்கு 119, ஆம்புலன்சுக்கு 1990 என்று பழகியிருப்பீர்கள். பதற்றத்தில் விரல் பழைய எண்ணுக்குத்தான் போகும். அதனால் ஃபோனில் 112, 108 இரண்டையும் இன்றே சேமித்து வையுங்கள். வீட்டுச் சுவரிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வயதானவர்களும் பிள்ளைகளும் பார்க்கும் உயரத்தில்.

தனித்தனி எண்களும் வேலை செய்கின்றன: போலீஸ் 100, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108. இவை எல்லாமே கட்டணமில்லா எண்கள்.

108-க்கு அழைத்தால் என்ன கேட்பார்கள்? ஊர் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாதே.

என்ன நடந்தது, எங்கே, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா, நினைவு இருக்கிறதா: இவ்வளவுதான். அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். இலங்கையின் 1990 சேவையும் 2016-இல் இந்திய உதவியோடு, இங்கே 108-ஐ நடத்தும் அதே நிறுவனம் தொடங்கிக் கொடுத்ததுதான். கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

சிக்கல் இடத்தைச் சொல்வதில்தான் வருகிறது. "முகாமில் இருந்து பேசுறன்" என்றால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. "புழல், காவாங்கரை, ஜி.என்.டி. ரோடு, இலங்கைத் தமிழர் முகாம், ரேஷன் கடைப் பக்கம் மூன்றாவது வரிசை" என்று பெரிய இடத்தில் தொடங்கிச் சின்ன இடத்துக்கு வாருங்கள். கோயில், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, பெட்ரோல் பங்க் எது பக்கத்தில் இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். பேசி முடித்ததும் ஃபோனை வேறு அழைப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். வண்டி ஓட்டுநர் வழி கேட்டு அதே எண்ணுக்குத்தான் திரும்ப அழைப்பார். ஒருவர் மெயின் ரோட்டில் போய் நின்று கையசைத்து வண்டியை உள்ளே அழைத்து வர வேண்டும். சந்துகளில் இரவு நேரத்தில் நிறைய நிமிடங்கள் போவது இந்தக் கடைசி இருநூறு மீட்டரில்தான்.

உங்கள் பேச்சு வேகமாக இருந்தால் அவர்களுக்குப் பிடிபடாமல் போகலாம். மெதுவாகச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஃபோனைக் கொடுத்துவிடுங்கள். இந்தப் பக்கத்து மனிதர்கள் அப்படி உதவக் கூடியவர்கள். 1960-களில் பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்த குடும்பங்கள் வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் வேர்விட்ட இடம் இது.

எனக்குப் பதிவும் இல்லை, அட்டையும் இல்லை. மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வார்களா?

அவசரம் என்றால் சேர்த்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உயிருக்குப் போராடுகிறவருக்கு முதல் சிகிச்சை கொடுப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பும் குடிமக்களுக்கு மட்டுமானதல்ல. இந்த மண்ணில் நிற்கும் எல்லாருக்கும் உண்டு என்று சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025-இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், வெளிநாட்டவர் ஒருவர் உள்நோயாளியாகச் சேர்ந்தால் அந்த விவரத்தை மருத்துவமனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வெட்டுக்காயம், தீக்காயம், விஷம், விபத்து என்றால் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தகவல் போகும். இது தெரிந்தால் சிலர் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. ஆனாலும் சொல்கிறேன், போங்கள். காகிதச் சிக்கலுக்கு வக்கீல் இருக்கிறார், அவகாசமும் இருக்கிறது. நின்றுபோன மூச்சுக்கு அவை இல்லை. உங்கள் பெயரையும் ஊரையும் உண்மையாகச் சொல்லுங்கள். வேறொருவர் அட்டையைக் காட்டிச் சேர்ந்தால் மருந்தும் தவறாகப் போகலாம், பிறகு ஏமாற்றியதாக வழக்கும் வரலாம்.

எந்த மருத்துவமனைக்குப் போவது?

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை. 24 மணி நேரமும் அவசரப் பிரிவு உண்டு. பிரசவத்துக்கு ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை. புழல் பக்கம் இருப்பவர்களுக்குக் கொளத்தூர் பெரியார் நகர் அரசு மருத்துவமனை பக்கம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரியில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. கடுமையான தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தைகளுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை. 108-இல் போனால் எங்கே கொண்டுபோவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள், அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

ரோட்டில் லாரி இடித்துவிட்டது. செலவுக்குப் பணமில்லை.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர், மணலி, மாதவரம் சாலைகளில் இரவும் பகலும் வரிசையாக நிற்கும். நிற்கிற இரண்டு லாரிகளுக்கு நடுவே நுழைந்து கடக்கவே கூடாது. ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் பம்பருக்கு முன்னால் இருக்கும் ஆள் அவர் கண்ணுக்குத் தெரியாது.

விபத்து நடந்தால், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். தமிழ்நாட்டவர், வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் என்ற பேதம் இதில் இல்லை. அடிபட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பவரையும் சட்டம் காக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

ரயில் பாதையைக் கடப்பதும் இதே ஆபத்துதான். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் புறநகர் ரயில், விரைவு ரயில், சரக்கு ரயில் எல்லாம் ஓடுகின்றன. ஒன்று போனதும் மறைவில் இன்னொன்று வரும். நடைமேம்பாலம் எவ்வளவு தூரமென்றாலும் அதில்தான் ஏற வேண்டும்.

இப்போதுதான் வந்திருக்கிறேன். பதிவு எங்கே செய்வது?

2022 மார்ச் முதல் படகில் வந்தவர்களை மரைன் போலீஸ் விசாரித்து, ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் தங்க வைக்கிறார்கள். நேராகச் சென்னை உறவினர் வீட்டுக்கு வந்துவிட்டவர்களின் நிலை கொஞ்சம் சிக்கலானது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, மேலே சொன்ன 2025 குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பின் வந்தவர்களுக்கு அந்த விலக்கு கிடையாது.

அதற்காக ஒளிந்திருப்பது வழியல்ல. ஒளிந்திருப்பவரைத்தான் புரோக்கரும் வீட்டுக்காரரும் மேஸ்திரியும் மிரட்டுவார்கள். முதலில் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழையுங்கள். அல்லது 1984 முதல் ஈழ அகதிகளுக்காகவே வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அணுகுங்கள். முகாமில் யாரைக் கேட்டாலும் 'ஓஃபர்' என்று வழி சொல்வார்கள். ஒரு வக்கீலோடு போய் உண்மையைச் சொல்லிப் பதிவு செய்வது நல்லது. முகாம்களைக் கவனிக்கும் மறுவாழ்வுத் துறையின் ஆணையரகம் சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கிறது.

திருட்டு, அடிதடி நடந்தால் போலீஸ் நிலையத்துக்குப் போகலாமா? "உங்கள் ஏரியா இது இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்களே.

போகலாம், போக வேண்டும். இந்தப் பகுதியில் சில இடங்கள் சென்னைக் காவல் ஆணையரகத்திலும், சில இடங்கள் ஆவடி ஆணையரகத்திலும், கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டக் காவலிலும் வருவதால் எல்லைக் குழப்பம் அடிக்கடி வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அதை அவர்கள் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றுவார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். புகாரையே வாங்க மறுத்தால், அதை எழுதி மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சாட்சி விசாரணைக்கு என்று பெண்களையும், 15 வயதுக்குக் கீழானவர்களையும், 60 வயது தாண்டியவர்களையும் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

என்னையே பிடித்துக்கொண்டு போனால்?

ஓடாதீர்கள். கையை ஓங்காதீர்கள். எதற்காகக் கைது என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்லவும், வீட்டாருக்குத் தகவல் கொடுக்கவும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் உண்டு. பெண்களைச் சூரியன் மறைந்த பின் கைது செய்வதற்கு, தவிர்க்க முடியாத நிலையிலும் நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது வக்கீல் எண் மனப்பாடமாக இருக்கட்டும். ஃபோனைத்தான் முதலில் வாங்கி வைப்பார்கள்.

அடிப்பது என் கணவரே. முகாமில் மானம் போகும் என்று அம்மா சொல்கிறார்.

அம்மா சொல்வதிலுள்ள பயம் எனக்குப் புரிகிறது. பத்துக்குப் பத்து அறைகள் ஒட்டியொட்டி இருக்கும் இடத்தில் ஒரு வீட்டுச் சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்கும். ஆனால் கேட்கிறவர்கள் எல்லாரும் பேசாமல் இருப்பதால்தான் அடுத்த அடி விழுகிறது. 181-ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் பெண்களுக்கான உதவி எண். தங்குமிடம், மருத்துவம், வக்கீல், போலீஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஏற்பாடு செய்யும் சேவை மையத்துக்கு அவர்கள் வழி காட்டுவார்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005 சட்டம் இந்தியக் குடிமகளா என்று கேட்பதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

"என் பெயரில்தான் பதிவு இருக்கு, நீ வெளியே போனா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்று கணவர் மிரட்டுவது வழக்கம். குடும்ப அட்டை கணவர் பெயரில் இருப்பதால் மனைவியின் பதிவு அழிந்துவிடாது. உங்கள் அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் படம் எடுத்து நம்பிக்கையான ஒரு தோழியின் ஃபோனில் வையுங்கள்.

பாலியல் வன்முறை நடந்தால் குளிக்காமல், உடையைத் துவைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சிகிச்சை எந்த மருத்துவமனையிலும் இலவசம் என்கிறது சட்டம். போலீஸ் புகார் இல்லாமலும் சிகிச்சை பெறலாம்.

பிள்ளை விஷயத்தில் சந்தேகம் வந்தால்?

1098. காணாமல் போனாலும், யாராவது தொட்டார்கள் என்று பிள்ளை சொன்னாலும், வேலைக்கு அனுப்பச் சொல்லி நெருக்கினாலும் இதே எண். பிள்ளை சொல்வதை முதலில் நம்புங்கள்.

கனடாவுக்குப் படகு இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். போகலாமா?

போகாதீர்கள். 2021 அக்டோபரில் தமிழகத்து முகாம்களில் இருந்தவர்களும் சேர்ந்து கனடா என்று நம்பி ஏறிய ஒரு படகு, நடுக்கடலில் தத்தளித்து இந்தியப் பெருங்கடலின் டீகோ கார்சியா தீவில் போய் நின்றது. அது பிரிட்டன் வசமுள்ள ராணுவத் தளத் தீவு. பிள்ளைகளோடு கூடாரங்களில் மூன்று ஆண்டு கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் உயிரோடு கரை சேர்ந்தவர்கள். ஆஸ்திரேலியாவோ 2013 முதல் படகில் வருவோரைத் திருப்பி அனுப்புவதையே கொள்கையாக வைத்திருக்கிறது. நகையை அடகு வைத்து முன்பணம் தரச் சொல்பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் கொடுக்க வேண்டாம்.

போலிப் பாஸ்போர்ட், போலி ஆதார் எடுத்துத் தருகிறேன் என்பவரும் இதே ரகம்தான். போலிப் பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது 2 ஆண்டு சிறை. பிற்பாடு முறையாகக் கிடைக்க வேண்டியதும் அதனால் கிடைக்காமல் போகும்.

இன்னொன்று, "வெளிநாட்டுப் பணம் வரும், உன் வங்கிக் கணக்கைக் கொஞ்சம் குடு, கமிஷன் தர்றேன்" என்பார்கள். ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கு வழியே ஓடினால் முதலில் பிடிபடுவது நீங்கள்தான். ஃபோனில் போலீஸ் என்று சொல்லி வீடியோவில் கைது செய்வதாக மிரட்டினால் வைத்துவிடுங்கள், அப்படி ஒரு கைது கிடையாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

ராத்திரி மணலி பக்கம் வானம் செக்கச் செவேலென்று எரிகிறது. ஓட வேண்டுமா?

வேண்டாம். அது சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கியில் மிச்ச வாயுவை எரிப்பது. புதிதாக வந்தவர்களுக்கு, குண்டு விழுந்த இரவுகளைப் பார்த்தவர்களுக்கு, அது நெஞ்சைப் பிசையும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்து இருட்டில் ரோட்டுக்கு ஓடினார்கள், பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அமோனியா மூக்கைத் துளைக்கும் கார நெடி அடிக்கும். அந்த நெடி வந்தால் துணியைத் தண்ணீரில் நனைத்து மூக்கையும் வாயையும் மூடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். துணியைத் தொங்கவிட்டாலே தெரியும். காற்று போகும் திசையில் ஓடினால் வாயு கூடவே வரும். அதற்குக் குறுக்கே ஓடி, அந்த நெடியே இல்லாத இடத்துக்குப் போங்கள். கண்ணை நல்ல தண்ணீரில் நிறைய நேரம் கழுவ வேண்டும். 112-க்குச் சொல்லுங்கள். கதவைத் தட்டி எழுப்பியாவது பக்கத்து வீட்டாரையும் கிளப்புங்கள்.

வீட்டு கேஸ் சிலிண்டர் நெடி என்றால் ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எண் 1906.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவனமாக இருக்க வேண்டும். புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி. நிரம்பி வரும்போது உபரிநீரைத் திறப்பார்கள். அந்தக் கால்வாய் நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்க் கடலுக்குப் போகிறது. செய்தியில் இந்தப் பெயர்கள் வந்தால் உங்களுக்கான எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வாசலைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் பகலிலேயே மாநகராட்சிப் பள்ளி முகாமுக்கு மாறுங்கள். சென்னை மாநகராட்சிக்கு 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

தேங்கிய தண்ணீரில் மின்கம்பம், இழுவைக் கம்பி, தெருவோர மின்பெட்டி எதையும் தொடாதீர்கள். அறுந்த கம்பி கிடந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. பதிவு அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, உயரமான இடத்தில் வையுங்கள். அவற்றில் ஒன்று நனைந்து அழிந்தால் மறுபடி வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

வேலை இடத்தில்?

முகாம் ஆண்கள் நிறையப் பேர் பெயின்ட் வேலைக்குப் போகிறார்கள். உயரத்தில் தொங்கும்போது இடுப்புப் பட்டியின் கயிறு, நீங்கள் நிற்கும் சாரத்தில் கட்டியிருக்கக் கூடாது. மேலே வேறு உறுதியான இடத்தில் தனியாகக் கட்ட வேண்டும். சாரம் சாய்ந்தால் அந்த ஒரு கயிறுதான் உங்களைப் பிடிக்கும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கச் சொன்னால், எவ்வளவு காசு கொடுத்தாலும் இறங்காதீர்கள். 2013 சட்டப்படி இறங்கச் சொல்வதே குற்றம். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றவும் குதிக்காதீர்கள், அடுத்தவரும் அதே வாயுவில்தான் சாகிறார். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு சம்பளம் தராமல் வேலை வாங்குவது கொத்தடிமைக் குற்றம், அதைச் சட்ட உதவி எண்ணான 15100-இல் சொல்லலாம்.

நாய்க்கடி, பாம்புக்கடி?

நாய் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட வேண்டும். பாம்பு என்றால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, மந்திரிக்கப் போகக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-இல் அரசு மருத்துவமனைக்கு.

தீபாவளிப் பட்டாசுச் சத்தத்தில் என் கணவர் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறார். ராத்திரி தூங்குவதில்லை.

அவருக்குப் பைத்தியம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். போரைப் பார்த்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும், அதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம், கட்டணமில்லை. 104-லும் பேசலாம். ஸ்டான்லியில் மனநலப் பிரிவு உண்டு, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. பட்டாசு வெடிக்கும் நாட்களில் மாலையிலேயே ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். சாக வேண்டும் என்று சொன்னால் அதை வெறும் பேச்சாக எடுக்காமல், தனியாக விடாமல், உடனே அழையுங்கள்.

எங்களோடு தங்கியிருக்கும் குடும்பம் மியான்மரிலிருந்து வந்தது. அவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

மருத்துவம், போலீஸ், தீயணைப்பு, குழந்தை உதவி எல்லாம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். பதிவு மட்டும் வேறு. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. இலங்கைத் தமிழர்களை அரசே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறது. மியான்மர், ஆப்கானிஸ்தான் போன்ற நாட்டவர்கள் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் டெல்லி அலுவலகத்தில் பதிய வேண்டும். அவர்களுக்குத் தமிழ் வராது என்றால், 108-க்கு அழைக்கும்போது நீங்கள் பேசிக் கொடுங்கள்.